ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் தொடர்கல்வி விதிகள் குறித்து, ஆணையத்துக்கும் மாநிலக் கவுன்சில்களுக்கும் மும்பையிலிருந்து ஒரு திறந்த மடல்

அலைட் (மருத்துவம் சார்ந்த) மற்றும் ஹெல்த்கேர் தொழில்களுக்கான தேசிய ஆணையத்தின் உறுப்பினர்களுக்கும், மாநிலக் கவுன்சில்களில் எங்கள் பதிவேட்டைப் பொறுப்பேற்று நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

நான் மும்பையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக வேலை செய்பவள். நோயோ குறைபாடோ உள்ளவர்கள் தங்கள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பயிற்சி கொடுப்பது எங்கள் தொழில். தாராவி, சயான், ஆண்டாப் ஹில், செம்பூர் பக்கம்தான் பெரும்பாலும் என் நோயாளிகள். அவர்களில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். இந்த மடலின் ஆங்கிலப் படி உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வருகிறது. தமிழில் எழுதுவது அந்தக் குடும்பங்களும் படிக்க வேண்டும் என்பதற்காக. ஒரு தெரபிஸ்டின் பதிவு எந்த நிபந்தனையின் பேரில் புதுப்பிக்கப்படுகிறது என்பது அலுவலகக் காகித விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் அவர்கள் வீட்டுக் குழந்தைக்கும் பக்கவாதம் வந்த பெரியவருக்கும் கிடைக்கப்போகும் சிகிச்சையின் தரம் அதில்தான் இருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொடர்கல்வியை, அதாவது பட்டம் வாங்கிய பிறகும் தொடர்ந்து படிப்பதை, தளர்த்தச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால் படித்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கட்டும், இன்னும் கறாராகவும் ஆகட்டும். 2021-ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டம், கல்வித் தரங்களோடு சேர்த்துத் தொடர் தொழிற்கல்விக்கான அடிப்படைத் தரங்களை வகுப்பதையும் உங்கள் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. சட்டத்தின் அட்டவணையில் எங்கள் தொழிலுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய இடம் நீங்கள்தான். நான் முக்கியமாகக் கேட்பது இது: அரங்கில் உட்கார்ந்த மணி நேரத்தை மட்டும் எண்ணிப் புள்ளி கொடுக்க வேண்டாம். படித்ததால் ஒரு நோயாளியின் சிகிச்சையில் என்ன மாறியது என்பதற்கும் புள்ளி கொடுங்கள். புதுப்பிப்புக்குத் தேவையான புள்ளிகளில் பாதியாவது அந்த வழியில் வரட்டும்.

எங்கள் துறையில் கல்லூரிப் பாடம் எவ்வளவு வேகமாகப் பழையதாகிறது என்பதற்குப் பெருமூளை வாதம் ஒன்றே போதும். குழந்தையின் வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்பால் உடல் அசைவு சிரமமாகும் நிலை அது. இங்கே பெற்றோர்கள் அதை 'சிபி' என்றே சொல்கிறார்கள். இந்தக் குழந்தைகளுக்குத் தரப்படும் 64 வகைச் சிகிச்சைகளை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அயோனா நோவாக் குழுவினர் ஆராய்ந்து, 2013-இல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று டிராஃபிக் சிக்னல் போல வகைப்படுத்தி வெளியிட்டார்கள். குழந்தையே ஒரு வேலையைத் தேர்ந்து, அதையே திரும்பத் திரும்பச் செய்து பழகுவது, வீட்டில் பெற்றோர் நடத்தும் பயிற்சித் திட்டம், இரு கைகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் பயிற்சி, நல்ல கையைக் கட்டுப்படுத்தி பலவீனமான கையை வேலை வாங்குவது ஆகியவை பச்சையில் வந்தன. பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்கக் கற்பிக்கப்பட்ட பாபாத் முறை, அதாவது தெரபிஸ்ட் தன் கையால் குழந்தையின் உடலைப் பிடித்து அசைவைச் சீராக்க முயலும் முறை, சிவப்பில் வந்தது. 2017-இல் இன்னொரு மாற்றம். ஒரு வயதோ ஒன்றரை வயதோ ஆகும்வரை காத்திருந்து சொல்லப்பட்ட நோயை, சரியான பரிசோதனைகளைச் சேர்த்துச் செய்தால் ஆறு மாதத்துக்கு முன்பே கண்டுகொள்ள முடியும் என்று சர்வதேச நிபுணர் குழு எழுதியது.

2010-இல் பட்டம் வாங்கிய ஒருவர் அதன்பிறகு எதுவும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் வரும் குழந்தை, வாரம் இரண்டு நாள் மெத்தையில் படுத்தபடி கை கால் நீட்டி மடக்கப்பட்டு வீடு திரும்பும். அம்மா லோக்கல் ரயிலில் அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து போவார். மூளை வேகமாகக் கற்கும் வயது அப்படியே கழிந்துவிடும். போன வருடங்களை யாராலும் திருப்பித் தர முடியாது. தொடர்கல்வியில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சட்டமும் மாறியிருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றுக்கொண்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அது 21 ஆனது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்க்கின்சன், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டோர் எல்லாம் உள்ளே வந்தார்கள். அடுத்த வருடமே மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. இவை தெரியாத தெரபிஸ்டால் ஒரு குடும்பத்துக்குச் சான்றிதழுக்கு எங்கே போக வேண்டும், பள்ளியில் எதை உரிமையாகக் கேட்கலாம் என்று வழி சொல்ல முடியாது.

சரி, இப்போது படிப்பு எப்படி நடக்கிறது? ஞாயிற்றுக்கிழமை, அந்தேரி பக்கமோ நவி மும்பையிலோ ஓர் ஹோட்டல் அரங்கு. காலையில் கையெழுத்து, நாலைந்து பேச்சாளர்கள், மதியச் சாப்பாடு, மாலையில் சர்டிஃபிகேட். 2020-க்குப் பிறகு இதோடு வெபினார்களும் சேர்ந்துகொண்டன. கடைசியில் வரும் படிவத்தை நிரப்பி அனுப்பினால் சர்டிஃபிகேட் மின்னஞ்சலில் வந்துவிடும். இவற்றில் நல்லவை நிறைய உண்டு. நானும் கற்றிருக்கிறேன். புதிய ஆய்வுகளின் பெயர்களை முதலில் கேள்விப்பட்டதே சில சமயம் அங்கேதான். ஆனால் கேள்விப்படுவதற்கும் அது என் கைக்கு வந்து சேர்வதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை இந்தச் சர்டிஃபிகேட் அளப்பதில்லை.

இது என் தனிப்பட்ட அபிப்பிராயம் மட்டும் இல்லை. 1999-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த டேவிஸ் குழுவினரின் ஆய்வு, வெறும் சொற்பொழிவாக நடக்கும் தொடர்கல்வி மருத்துவர்களின் நடைமுறையை மாற்றவில்லை என்றும், கலந்துரையாடலும் செய்துபார்த்தலும் சேர்ந்த நிகழ்ச்சிகள் மாற்றின என்றும் கண்டது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2009-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 81 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. கல்விக் கூட்டங்களால் சிகிச்சை நடைமுறையில் வந்த முன்னேற்றத்தின் இடைநிலை அளவு சுமார் 6 சதவீதம். பலனே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பதிவின் முழு எடையையும் தாங்கும் அளவுக்கு அந்த எண் பெரியதும் இல்லை.

மணி நேரத்தை எண்ணுவது நம் நாட்டில் பழகிய வழி. டாக்டர்களுக்கு 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் என்று வைத்தன. என்னோடு ஒரே குழந்தைக்கு வேலை செய்யும் ஸ்பீச் தெரபிஸ்டும் ஸ்பெஷல் எஜுகேட்டரும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்கள். அவர்களும் புள்ளிகளைச் சேர்த்துத்தான் புதுப்பிக்கிறார்கள். நீங்களும் அந்த அச்சையே எடுத்துக்கொண்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் எங்கள் தொழிலின் தன்மை வேறு. எங்கள் வேலை நோயாளியின் வீட்டுக்குள்ளும் சமையலறையிலும் கழிப்பறை வாசலிலும் நடக்கிறது. ஒருவர் தானே குளிக்க, உடுக்க, சாப்பிட, சம்பாதிக்கத் திரும்பிப் போவதுதான் எங்கள் சிகிச்சையின் அளவுகோல். அதைக் கற்கும் இடமும் அங்கேதான் இருக்கிறது.

தாராவியில் பக்கவாதம் வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். இட்லி வியாபாரம். விடிவதற்கு ரொம்ப நேரம் முன்பே அடுப்பு பற்றவைத்து, காலையில் பையன்கள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போக வேண்டும். வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். நான் போனபோது கால் ஓரளவு தேறியிருந்தது. கை மடியிலேயே கிடந்தது. "கையி மட்டும் வந்துட்டா போதும்மா, கடைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

கையில் இருந்த மதிப்பீட்டுத் தாளை எடுத்தேன். பார்தெல் அட்டவணை, 1965-லிருந்து உலகம் முழுக்கப் புழங்குவது. பத்து கேள்விகள், மொத்தம் 100 புள்ளி. சாப்பிடுவது, குளிப்பது, நாற்காலிக்கு மாறுவது, படி ஏறுவது என்று போகும். அந்த வீட்டில் நாற்காலி இல்லை. சாப்பாடு, சமையல், தூக்கம் எல்லாம் தரையில். படியும் இல்லை, மச்சுக்குப் போக ஒரு இரும்பு ஏணி இருந்தது. கழிப்பறை வீட்டிலேயே இல்லை, சந்து தாண்டிப் போய் வரிசையில் நிற்க வேண்டும், உள்ளே குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். அட்டவணை நல்ல மதிப்பெண் காட்டியது. அந்த அம்மாவோ காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தார், கழிப்பறைக்குப் போக வேண்டி வந்துவிடுமே என்று.

அந்தச் சமயத்தில் கண்ணாடிச் சிகிச்சை பற்றி நிறையப் படித்தேன். கை கால் இழந்தவர்களுக்கு இல்லாத உறுப்பில் ஏற்படும் வலிக்காக, நம் சென்னையில் மருத்துவம் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்திக் காட்டினார். பிறகு பக்கவாதத்துக்கும் அது வந்தது. நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அசைத்தால், விழுந்த கையே அசைவதுபோல மூளைக்குத் தெரியும். 2018-இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் தொகுப்பு, கை அசைவுக்கும் அன்றாட வேலைகளுக்கும் இதனால் பலன் இருப்பதாகச் சொல்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது செலவு. கடையில் வாங்கிய சாதாரணக் கண்ணாடி போதும். ஆனால் எங்கே வைப்பது, எத்தனை நேரம், யார் கூட உட்காருவார்கள் என்பதை எந்த ஆய்வுக் கட்டுரையும் அந்த வீட்டுக்காக எழுதவில்லை. அடுப்பு அணைந்து பையன்கள் வெளியே போன பிறகுள்ள நேரத்தை அந்த அம்மாதான் சொன்னார். மாவுச் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கண்ணாடியைச் சாய்த்து வைத்ததும் அவர்தான்.

அப்புறம் கரண்டி. விரல் மடங்க ஆரம்பித்ததும் ரப்பர் பந்தைக் கொடுக்காமல் இட்லிக் கரண்டியையே கொடுத்தேன். செய்ய வேண்டிய வேலையையே பயிற்சியாக்க வேண்டும் என்பதற்கு ஆதாரங்கள் வலுவாக இருக்கின்றன. பிடி மெலிதாக இருந்ததால் துணி சுற்றித் தடிமனாக்கினோம். அதுவும் நழுவியது. உள்ளங்கையைச் சுற்றி வந்து கரண்டியைப் பிடித்துக்கொள்ளும் பட்டை ஒன்று வேண்டும். கடையில் கிடைக்கும் பட்டைகள் மாவு பட்டால் நாறும், வெந்நீரில் கழுவினால் பிய்ந்துபோகும். பக்கத்துச் சந்தில் தோல் வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் அளவு காட்டினேன். எந்தத் தோல் ஈரம் தாங்கும், தையல் எந்தப் பக்கம் வந்தால் தோலை அறுக்காது, உணர்ச்சி குறைந்த கைக்கு ஓரத்தை எப்படிச் சீவி மடிக்க வேண்டும் என்று அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஸ்ப்ளிண்ட், அதாவது கையைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை, பற்றி நான் கலந்துகொண்ட எந்த வொர்க்‌ஷாப்பிலும் கிடைக்காத பாடம் அது. அதற்குப் பிறகு அதே முறையில் செய்த பட்டைகளை வேறு நோயாளிகளுக்கும் கொடுத்திருக்கிறேன்.

இப்போது அந்த அம்மா சின்னக் கரண்டியால் வலது கையில் மாவு ஊற்றுகிறார். பாத்திரத்தை மகன் இறக்குகிறான். முழுக்கச் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கடை அவர் கைக்கு வந்திருக்கிறது.

இந்த ஒரு நோயாளிக்காக நான் கட்டுரைகளைப் படித்தேன், மதிப்பீட்டு முறையை மாற்றினேன், ஒரு கருவியை உருவாக்கக் கற்றேன், பலனை அளந்து எழுதிவைத்தேன். தொடர்கல்வி என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. சர்டிஃபிகேட்டை மட்டும் கேட்கும் விதியில் இதற்கு இடமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிச் சிகிச்சை பற்றி யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து பழையபடியே வேலை செய்யும் ஒருவருக்கு அந்த விதியில் முழுப் புள்ளி உண்டு.

மும்பையில் மட்டும் எத்தனை விதமான வீடுகள் இருக்கின்றன! குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் கட்டப்பட்ட அடுக்குமாடிகளில் வீடு முதலில் 225 சதுர அடி, பிறகு 269, பிறகு 300. அந்த 225-க்குள் ஒரு வீல் சேரைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், கல்லூரியில் வரைந்த அளவுப் படங்கள் எல்லாம் வேறு நாட்டு வீடுகளுடையவை என்று. லிஃப்ட் நின்றுபோன ஏழாவது மாடியில் இடுப்பு எலும்பு முறிந்த பாட்டி இருக்கிறார். விராரிலிருந்து சர்ச்கேட் வரை ரயிலில் போய் வர வேண்டிய, முதுகுத் தண்டில் அடிபட்ட இளைஞர் இருக்கிறார். இவர்களுக்காக ஒவ்வொரு தெரபிஸ்டும் தனித்தனியே கண்டுபிடிக்கும் வழிகள் அவரவர் நோட்டுப் புத்தகத்திலேயே தங்கிவிடுகின்றன. அவற்றை வெளியே கொண்டுவரும் வாய்ப்பு உங்கள் விதியில் இருக்கிறது.

நடைமுறையில் எப்படி என்று கேட்பீர்கள். ஒரு நோயாளிக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். என்ன பிரச்சினையைச் சந்தித்தேன், எதைப் படித்தேன், யாரிடம் கேட்டேன், அதனால் சிகிச்சையில் எதை மாற்றினேன், நோயாளிக்கு என்ன ஆனது, ஒன்றும் ஆகவில்லை என்றால் அதுவும். பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டிருக்க வேண்டும், குடும்பத்தின் சம்மதம் வேண்டும். எந்த மொழியில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும்; மராத்தியில் யோசிப்பவர் மராத்தியில் எழுதட்டும்.

கதை கட்டி எழுதினால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. பிரிட்டனில் எங்கள் தொழிலைப் பதிவு செய்யும் ஹெச்.சி.பி.சி. அமைப்பு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அங்கே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பு. இத்தனை மணி நேரம் என்ற கணக்கே கிடையாது. பல வகையான கற்றல் இருக்க வேண்டும், அது வேலையின் தரத்தையும் நோயாளியின் நலனையும் உயர்த்தியிருக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு முறையும் 2.5 சதவீதம் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து அவர்களுடைய பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பரிசோதிக்கிறார்கள். யாருடைய பெயர் வரும் என்று தெரியாததால் எல்லாரும் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் தேசியச் சான்றிதழ் வாரியம் மூன்று வருடத்துக்கு 36 அலகுகள் கேட்கிறது. அங்கேயும் மாணவர்களுக்குக் களப்பயிற்சி கொடுப்பது, இளையவர்களுக்கு வழிகாட்டுவது எல்லாம் கணக்கில் வரும்.

நாமும் குலுக்கலில் வருபவர்களை அழைத்து, அனுபவமுள்ள இரண்டு தெரபிஸ்டுகள் முன்னால் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசவைக்கலாம். செய்யாத சிகிச்சையைப் பற்றி அரை மணி நேரம் பேசுவது கஷ்டம். எந்த விரல் முதலில் அசைந்தது, ஸ்ப்ளிண்ட் எங்கே சிவந்தது, மாமியார் என்ன ஆட்சேபணை சொன்னார் என்று கேட்டால் போதும், உண்மை தெரிந்துவிடும். கையெழுத்துப் போட்டு வாங்கும் சர்டிஃபிகேட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழி இல்லை.

இரண்டாவது வேண்டுகோள், பொது ஆஸ்பத்திரிகளைப் பற்றியது. இந்தியாவில் ஆக்குபேஷனல் தெரபி படிப்பு பிறந்ததே இந்த ஊரில்தான். அமெரிக்காவில் பிறந்து, இங்கே கல்யாணம் செய்து, இந்த நாட்டையே தன் நாடாக்கிக்கொண்ட கமலா நிம்ப்கர், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு இந்தத் தொழிலைப் படித்துவிட்டு வந்து, 1950-இல் பரேலின் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் எங்கள் தொழிலின் அகில இந்தியச் சங்கம் உருவானது. அதே வருடம் எங்கள் தொழிலின் உலகக் கூட்டமைப்பைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இன்றைக்கும் கே.இ.எம்., நாயர், சயான் ஆஸ்பத்திரிகளிலும் ஹாஜி அலியில் உள்ள மறுவாழ்வு நிலையத்திலும் ஒரு வாரத்தில் வரும் நோயாளிகளின் வகை, தனியாக கிளினிக் நடத்துபவருக்கு ஒரு வருடம் முழுக்கவும் வராது.

அங்கே மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், வெளியே வேலை செய்யும் தெரபிஸ்டுகளுக்கும் கதவைத் திறந்து, நோயாளிகளை முன்வைத்துக் கலந்துபேசும் கூட்டம் நடத்தச் சொல்லி நீங்கள் கேட்க வேண்டும். கட்டணம் இல்லாமல் அல்லது பெயருக்கு ஒரு தொகையோடு. வந்தவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கக்கூடாது, தன் நோயாளி ஒருவரைப் பற்றிய பக்கத்தையும் கொண்டுவர வேண்டும். கல்யாணிலும் பன்வேலிலும் வசாயிலும் தனி ஆளாக வேலை செய்யும் தெரபிஸ்ட், இன்டர்ன்ஷிப் முடிந்த நாளிலிருந்து தன் வேலையை இன்னொரு தெரபிஸ்ட் பார்க்காமலேயே பல வருடம் கழிக்கிறார். தவறாகப் போகிற சிகிச்சை யார் கண்ணிலும் படாது. நன்றாகப் போகிற சிகிச்சையும் அப்படித்தான். எனக்கு இது மிகவும் கவலை தரும் விஷயம். கட்சிரோலி, நந்துர்பார் போன்ற தொலைதூர மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு அதே கூட்டத்தை இணையத்தில் திறந்துவிடலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவரின் சம்பளத்தில் பெரிய பகுதியை ஒரு வார இறுதி வொர்க்‌ஷாப் எடுத்துக்கொள்கிறது. வெளிநாட்டுப் பெயரோடு வரும் பல கட்டப் பயிற்சிகள் என்றால் கடன் வாங்கித்தான் சேர வேண்டும். அவ்வளவு செலவழித்த பிறகு அந்த முறையைத்தான் எல்லா நோயாளிக்கும் செய்யத் தோன்றும். அது பச்சையா சிவப்பா என்று நிதானமாகப் பார்ப்பது கடினம். ஆகவே புள்ளி கேட்டு விண்ணப்பிக்கும் எந்தப் பயிற்சியும் இரண்டு விஷயங்களை வெளிப்படையாக எழுத வேண்டும் என்று விதி வையுங்கள்: இந்த முறைக்கு ஆதாரம் என்ன, நடத்துபவர்களுக்கு இதனால் என்ன வருமானம். ஏதாவது ஒரு கருவியை விற்பதற்காக நடக்கும் நிகழ்ச்சிக்குப் புள்ளியே வேண்டாம்.

எங்கள் தொழிலில் பெண்கள் அதிகம். பிரசவம், குழந்தை வளர்ப்பு, வீட்டில் முதியவர்களைக் கவனிப்பது என்று இரண்டு மூன்று வருடம் விலகியிருப்பவர்கள் ஏராளம். திரும்பி வரும்போது சேராத புள்ளிகளுக்காக அவசர அவசரமாக வெபினார்களைப் பார்த்துத் தள்ளுகிறார்கள். இதனால் அவர்களுக்கும் பலன் இல்லை, நோயாளிக்கும் இல்லை. அதற்குப் பதில், பதிவைத் தற்காலிகமாகத் திறந்து, ஒரு பொது ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்யவிடுங்கள். கை பழக்கத்துக்கு வந்துவிடும், தன்னம்பிக்கையும் வந்துவிடும். உடல்நலம் கெட்டு விலகியவர்களுக்கும் இதே வழி பொருந்தும்.

குடும்பங்களுக்கும் இதில் ஓர் உரிமை வேண்டும். ஆணையத்தின் மத்தியப் பதிவேடு இணையத்தில் எப்போதும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று உங்கள் சட்டமே சொல்கிறது. அதில் பெயர், பட்டத்தோடு, கடந்த சுற்றில் இவர் எந்தெந்தத் துறையில் தொடர்கல்வி செய்தார் என்ற ஒரு வரியும் இருந்தால், மாட்டுங்காவிலோ ஆண்டாப் ஹில்லிலோ இருக்கும் ஒரு தகப்பன் தன் ஆட்டிசக் குழந்தையை யாரிடம் அழைத்துப் போவது என்று பார்த்து முடிவெடுக்கலாம். இப்போது அவர் அக்கம்பக்கத்தில் விசாரித்தும் போர்டைப் பார்த்தும் முடிவு செய்கிறார். அந்தப் போர்டில் எத்தனை சர்டிஃபிகேட்டுகளின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தாலும் அவற்றுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

சட்டம், நெறிமுறை ஆகிய இரண்டுக்கும் சில கட்டாய மணி நேரங்களை வையுங்கள். அங்கே சொற்பொழிவே போதும். மொத்தப் புள்ளிகளில் பாதியையாவது நோயாளியைப் பற்றிய பக்கங்களுக்கு விட்டுவிடுங்கள். கான்ஃபரன்ஸ்கள் தொடர்ந்து நடக்கட்டும். அவற்றை நடத்துபவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு.

எடுத்த எடுப்பில் நாடு முழுக்க மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. மும்பையில் ஓராண்டு சோதனையாகச் செய்து பாருங்கள். விருப்பப்பட்டவர்கள் மட்டும் சேரட்டும். பக்கத்துக்கான படிவத்தை வரையவும், வந்த பக்கங்களைப் படித்து மதிப்பிடவும் ஊதியம் இல்லாமல் நேரம் தர நான் தயார். என்னோடு வேலை செய்யும் சிலரும் இதற்குச் சம்மதித்திருக்கிறார்கள். எங்கள் பதிவேடுகளைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்க முடியுமா என்று எழுத்தில் பதில் தரும்படி வேண்டுகிறேன். அழைத்தால் தில்லிக்கும் வருவேன்.

இப்படிக்கு,
மும்பையில் பணிபுரியும் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்